எல்ஸ் அக்காவின் கோபம்

கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே கம்ப்யூட்டரை நிற்க வைத்துக் கேள்வி கேட்ட ஒரே மனுஷி எல்ஸ் அக்காதான். கிள்ளானில் ஸ்கூல் வேன் ஓட்டுபவர். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில், சனிக்கிழமை காலை நடக்கும் புரோகிராமிங் வகுப்பில் என்னோடு சேர்ந்தார். அவருடைய சொந்தப் பேர் வருகைப் பதிவேட்டோடு சரி.

மூன்றாவது வகுப்பில் ஆசிரியர் குமரன் 'இஃப்' சொல்லிக்கொடுத்தார். மதிப்பெண் நாற்பதோ அதற்கு மேலோ இருந்தால் 'பாஸ்' என்று திரையில் காட்டு. இரண்டே வரி. அக்கா கை தூக்கினார்.

"முப்பத்தொம்பது எடுத்த புள்ளைக்கு என்ன காட்டும் சார்?"

"ஒன்னும் காட்டாது அக்கா."

"அப்ப அது ஸ்கிரீனையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா? ஃபெயில்னாவது சொல்லித் தொலைங்க."

"அதுக்கு 'எல்ஸ்' இருக்கு, 'இல்லாட்டி இதச் செய்'னு சொல்ல. அடுத்த வாரம் நடத்துறேன் லா."

"அதுவரைக்கும் அந்தப் புள்ள என்ன பண்ணும்?"

குமரன் அன்றைக்கே 'எல்ஸ்' நடத்தவேண்டியதாயிற்று; அதுவரை அக்கா விசைப்பலகையைத் தொடவில்லை. பேரும் ஒட்டிக்கொண்டது.

அடுத்தது சாலை விளக்குப் பயிற்சி. சிவப்பு, பச்சை, மஞ்சள் மூன்றுக்கும் எழுதி முடித்தோம். அக்கா கொதித்துப்போனார். "மழை பேஞ்சா எங்க ரோட்டுல லைட்டே எரியாது. வேன் நெறைய புள்ளைங்கள வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?" 'எல்ஸ்' போட்டு, 'நாலு பக்கமும் பாத்துப் போ' என்று தமிழிலேயே தட்டினார்.

நான் சிரித்தேன். ஆனால் சிரிப்பு அதிக நாள் நிலைக்கவில்லை.

கம்போங் மேடானில் எங்கள் பிளாட்டில் நான்கு நாள் தண்ணீர் வெட்டு. லிப்டும் வேலை செய்யவில்லை. லோரித் தண்ணீரை வீடுவரை கொண்டுவந்து தரப் பதிவு செய்யச் சொல்லி குடியிருப்போர் சங்கம் ஒரு புரோகிராம் வைத்தது. எழுதியவர் எங்கள் குமரன். வயது அறுபதானால் தண்ணீர் மேலே வரும். கைக்குழந்தை இருந்தாலும் வரும். எனக்கு நாற்பத்தைந்து, குழந்தை இல்லை. முழங்காலில் ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம், குடியிருப்பது நான்காவது மாடி. மூன்று முறை பதிந்தேன். திரை வெறுமையாகவே இருந்தது. இல்லை என்று சொல்லக்கூட அதற்கு நான் ஓர் ஆளாகத் தெரியவில்லை. ஆத்திரம் தாங்காமல் அக்காவுக்குப் போன் போட்டேன்.

வேனிலேயே வந்தார். நேராகச் சங்க அறைக்குள் நுழைந்தாராம். அங்கே குமரன் இருந்திருக்கிறார்.

"லாஜிக் சரியாத்தான் இருக்கு அக்கா."

"லாஜிக் இருக்கு சார். நாலாவது மாடியில நொண்டிக்கிட்டு ஒருத்தி இருக்காளே, அவ எங்க?"

குமரன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறார். அக்கா உட்கார்ந்து இரண்டு விரலால் 'எல்ஸ்' என்று தட்டி, 'உங்கள் கஷ்டத்தை எழுதுங்கள், ஆள் வந்து பார்ப்பார்' என்று சேர்த்திருக்கிறார். 'எல்ஸ்'க்குப் பின்னால் வைக்கவேண்டிய முக்காற்புள்ளியை மறந்ததால் கம்ப்யூட்டர் பிழை காட்டியிருக்கிறது. அதற்கும் திட்டு. சாயங்காலத்துக்குள் பத்துப் பேருக்கு மேல் எழுதிவிட்டார்களாம். ஊன்றுகோல்காரர், நிறைமாதக்காரி, டயாலிசிஸ் செய்துகொள்பவர் என்று எங்கள் பிளாக்கிலேயே இருந்தவர்கள். குமரனும் சங்கத்து ஆட்களும் அவர்களுக்கு வாளி தூக்கினார்கள்.

என் வாளியை மட்டும் அக்கா யாரிடமும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு மாடியிலும் நின்று சங்கத்தைத் திட்டிக்கொண்டே ஏறிவந்தார். வந்தவர் கேட்காமலேயே என் பாத்திரங்களைக் கழுவி வைத்தார்.

இப்போதெல்லாம் அவர் வகுப்புக்கு வரத் தாமதமானால், பக்கத்து நாற்காலியில் என் பையை வைத்துவிடுகிறேன். யார் கேட்டாலும் எடுப்பதில்லை.