மாப்பிள்ளை என் காலையே பார்க்கிறார்

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொண்டது. நான் நலம். உன் முழங்கால் வலியும் அத்தானின் இருமலும் இந்நேரம் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே என் மகளும் நலம். மாதம் நிறைந்துவிட்டது, இன்றோ நாளையோ என்று இருக்கிறாள். மாப்பிள்ளையும் நலம். அளவுக்கு மீறி நலமாக, அளவுக்கு மீறி மரியாதையாக இருக்கிறார். அதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. இந்தக் கடிதத்தைப் படித்ததும் அத்தானிடம்கூடக் காட்டாமல் கிழித்துப் போட்டுவிடு.

விஷயத்துக்கு வருகிறேன். பிரசவ சமயத்தில் பக்கத்தில் இருக்க அவள் அம்மா இல்லையே என்றுதான் நான் கிளம்பி வந்தேன். வந்த நாளிலிருந்து மாப்பிள்ளை என் காலையே பார்க்கிறார். நீ உடனே, உனக்குப் பிறவிச் சந்தேகம் என்று சொல்வாய். செருப்புக் கடையில் காலம் தள்ளியவன் நான். ஒரு ஆள் காலைப் பார்க்கிறானா செருப்பைப் பார்க்கிறானா என்று எனக்குத் தெரியாதா? செருப்பைப் பார்ப்பவன் கண் உடனே விலைச் சீட்டைத் தேடும். இவர் கண் என் சாக்ஸிலேயே நிற்கிறது. நீ பின்னி அனுப்பிய சாம்பல் நிறக் கம்பளி சாக்ஸ்தான். வீட்டுக்குள்ளும் அதைக் கழற்றுவதில்லை. உனக்கும் எனக்கும் அப்பாவுக்கும் கால் கட்டைவிரலுக்கு அடுத்த இரண்டு விரலும் ஒட்டிப் பிறந்ததும், பள்ளிக்கூடத்தில் என்னை வாத்து வாத்து என்று துரத்தியதும், அப்பா நம் இரண்டு பேரையும் உட்கார வைத்து இனிமேல் வெளியாட்கள் கண்ணில் காலைக் காட்டக் கூடாது என்று சொன்னதும் நீ மறந்திருக்க மாட்டாய். அன்றிலிருந்து என் காலைப் பார்த்தது என் மனைவி ஒருத்திதான். பெற்ற மகள்கூடப் பார்த்ததில்லை.

முதலில் எனக்கு ஒரு செருப்பு வாங்கி வந்தார். முன்பக்கம் திறந்த செருப்பு. "காத்தாட இருக்கும் மாமா, போட்டுப் பாருங்க" என்றார். செருப்புக் கடைக்காரனுக்கே செருப்பு வாங்கித் தருகிற துணிச்சலைக்கூட மன்னித்தேன். சாக்ஸோடு அதை மாட்டிக்கொண்டு, வார் ஒட்டியதில் பசை சரியில்லை என்று மட்டும் சொன்னேன். அடுத்து நீச்சல் குளத்துக்குக் கூப்பிட்டார். எனக்கு நீச்சல் தெரியாது என்றேன், சும்மா வாங்க என்றார். போனால் அவருக்கும் தெரியாது. இடுப்பளவுத் தண்ணீரில் நடுங்கிக்கொண்டு நின்று, ஷூ லேஸைக்கூட அவிழ்க்காமல் கரையில் உட்கார்ந்திருந்த என்னை ஏக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம், கால் வீங்கின மாதிரி இருக்கிறது என்று ஒரு பாத்திரத்தில் வெந்நீரும் உப்பும் கொண்டுவந்து வைத்தார். வீக்கம் காலில் இல்லை, சாக்ஸின் கனம் அது என்று சொல்லிவிட்டேன். கடைசியில் ஒரு நாள் டீயைக் கொட்டிவிட்டார். அக்கா, அவர் வேலை என்ன தெரியுமா? நுண்ணோக்கிக்கு அடியில் ஊசி முனையை வைத்து, கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் பிரித்தெடுக்கிற வேலை. அந்தக் கை டீயைக் கொட்டுமா? அதுவும் குறி பார்த்து என் இடது காலில்? "ஐயோ மாமா, சுடும், உடனே கழட்டுங்க" என்று பதறினார். டீ ஆறிப் போயிருந்தது. ஆறின டீயை எந்த மனுஷன் கையில் வைத்துக்கொண்டு அலைவான்? தானாகக் காய்ந்துவிடும் என்று சொல்லி ஈர சாக்ஸோடு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். அன்று பிடித்த ஜலதோஷம் இன்னும் விடவில்லை.

காலோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. நான் பேப்பர் படிக்கும்போது பூனை மாதிரி பின்னால் வந்து நின்று என் மண்டையை மேலிருந்து பார்க்கிறார். திரும்பினால், மின்விசிறி ஓடுகிறதா என்று பார்த்தேன் என்கிறார். கல்யாண ஆல்பத்தை எடுத்து, நம் பக்கத்து ஆட்களை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது கையும் களவுமாகப் பிடித்தேன். அசடு வழிந்தார். நம் வீட்டில் எல்லோருக்கும் ஒரு பக்கத்து இமை கொஞ்சம் இறங்கியிருக்கும் அல்லவா, அதில் விரலை வைத்துக்கொண்டிருந்தார். இந்த இமையால்தானே கடைக்கு வந்தவர்களெல்லாம், உங்கள் ஆள் எங்களைச் சந்தேகமாகப் பார்க்கிறார் என்று முதலாளியிடம் போய்ப் புகார் சொன்னார்கள். பாவம், அப்போதெல்லாம் நான் சும்மாதான் பார்த்தேன். இப்போது நிஜமாகவே சந்தேகப்பட்டுப் பார்க்கிறேன், இவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. நானும் என் பங்குக்கு, அவர் குளிக்கப் போன சமயம் அவருடைய ஷூவைத் திருப்பி அடிப்பாகத்தை ஆராய்ந்தேன். ஒரு மனுஷனின் லட்சணம் குதிகால் தேய்மானத்தில் தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தது. குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அது என் சந்தேகத்தை இன்னும் கிளப்பிவிட்டது.

போன வாரம் ஒரு சின்னக் குழாயை நீட்டி, "மாமா, இதுல கொஞ்சம் துப்புறீங்களா?" என்றார். கடையில் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள், இதை யாரும் கேட்டதில்லை. வாய் உலர்ந்திருக்கிறது என்று சொல்லித் தப்பித்தேன். உன் விலாசத்தை மகளிடம் கேட்டு வாங்கியிருக்கிறாராம். அதனால் உனக்கும் தபாலில் அப்படி ஒரு குழாய் வரும். துப்பாதே.

நேற்றுக் காலையில்தான் விஷயம் முற்றியது. போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். "தலைல தையல் சீக்கிரமே மூடிடுச்சு. பின்னாடி கால்ல ஒரு விரல் அதிகம். அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்துச்சு. சரி, இன்னிக்கே எல்லாத்தையும் வெளிய எடுத்துடுங்க" என்றார். பிறக்காத என் பேரப்பிள்ளையைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் யாரோ ஒருவரிடம் இப்படிச் சாவகாசமாகப் பேசுகிறாரே! கையில் கிடைத்த ஷூவோடு உள்ளே போய், குழந்தைக்கு என்ன, எதை மறைக்கிறீர்கள் என்று கேட்டேன். போனைக் கையால் பொத்திக்கொண்டு, "மாமா, அது எலி" என்றார்.

எந்த எலி, எங்கே எலி, காட்டுங்கள் என்றேன். காட்டினார். அவர் வேலை செய்கிற இடத்துக்குக் கூட்டிப் போனார். வாசலிலேயே காலுக்கு நீல உறை மாட்ட வேண்டும் என்றார்கள். ஆகா, இதற்குத்தானே இத்தனை பாடு என்று நினைத்தேன், ஆனால் அதை ஷூவுக்கு மேலேயே மாட்டலாமாம். உள்ளே நீள மேஜை, வரிசையாகக் கண்ணாடிக் குப்பிகள். ஒரு குப்பியை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். அதில் பிறப்பதற்கு முன்னே எடுத்த எலிக்குஞ்சு. தோல், சதை எல்லாம் கண்ணாடி மாதிரி தெளிந்துபோய், எலும்பு சிவப்பாகவும் குருத்தெலும்பு நீலமாகவும் சாயம் ஏறி நிற்கிறது. நகக்கண் அளவு பாதத்தில் விரல்கள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. அருவருப்பாக இருக்கும் என்று நினைத்துத்தான் குனிந்தேன், கண்ணை எடுக்க முடியவில்லை. அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். மண்டை ஓடு ஒரே எலும்பு இல்லையாம். பல தகடுகள், நடுவில் தையல் மாதிரி இடைவெளி. மூளை வளர அந்தத் தையல் திறந்தே இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கு ஷூ கொடுக்கும்போது முன்னால் கொஞ்சம் இடம் விட்டுக் கொடுப்போமே, அதுதான். இப்போதைக்கு மூடாதே என்று தலைக்கு உத்தரவு போடுகிற மரபணுவேதான் கை கால் விரல்கள் உருவாவதையும் கவனிக்கிறதாம். ஒரே மேனேஜருக்கு இரண்டு கிளை. அந்த மேனேஜர் அரை நாள் லீவு போட்டால் இங்கே தையல் முன்னதாக மூடும், அங்கே எலிக்கு விரல் ஒன்று கூடும். மனுஷருக்கு இரண்டு விரல் ஒட்டிக்கொள்ளும், இமை இறங்கும்.

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் குப்பியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "சில குடும்பத்துல இது லேசா வரும் மாமா, ஒண்ணும் தெரியாது. அடுத்த தலைமுறைல கொஞ்சம் பலமா வரலாம், வராமலும் போகலாம். ஸ்கேன்ல எதுவும் தெரியல, ஆனா எல்லாம் ஸ்கேன்ல தெரியாது. உங்க இமையையும் கழட்டாத சாக்ஸையும் பாத்துத்தான் எனக்கு இது தோணுச்சு. உங்க கால ஒரு தடவ பாத்துட்டா, பொறந்ததும் டாக்டர் எதப் பாக்கணும்னு சொல்லிடலாம். நேரா கேட்டா நீங்க அடுத்த பஸ்ஸப் பிடிச்சுடுவீங்கன்னு உங்க பொண்ணு சொன்னா." வீட்டுக்கு வந்து, இருந்த சாக்ஸின் மேல் இன்னொரு ஜோடியை மாட்டிக்கொண்டு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

நம்பாதே அக்கா. நம் குடும்பத்தைக் குப்பியில் போட்டுச் சாயம் ஏற்றப் பார்க்கிறார். இன்றைக்குக் கால் என்பார், நாளைக்கு இந்தப் பரம்பரையே எனக்கு ஆகாது என்று என் மகளை விட்டுவிட்டால் நான் யாரிடம் போய் நிற்பேன்? நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். குழந்தைக்குக் கனமான சாக்ஸ் நாலைந்து ஜோடி பின்னி உடனே அனுப்பு. பிறந்த கையோடு நானே மாட்டிவிடுகிறேன். அந்தப் பிள்ளையையும் யாராவது வாத்து என்று கூப்பிட நான் விடமாட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் பிள்ளைகளுக்கு இந்த மாமனின் ஆசீர்வாதம். எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், காலை மூடிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் மகளுக்கு வலி எடுத்துவிட்டது. இதை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது அவள் என் கையைப் பிடித்து, "அப்பா, அவருக்குக் காட்டிடுங்கப்பா" என்றாள். தாழ்வாரத்து பெஞ்சிலேயே, வருகிறவர் போகிறவர் பார்க்க, இரண்டு ஜோடியையும் கழற்றினேன். மாப்பிள்ளை தரையில் மண்டி போட்டு என் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். ஊரார் காலையெல்லாம் நான் அப்படித்தான் மடியில் வைத்துப் பார்த்திருக்கிறேன். என் காலை யாரும் வைத்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் எழுந்து ஓடிப்போய், விரல் ஒட்டியிருப்பதை டாக்டரிடம் சொன்னார்.

பேத்தி பிறந்திருக்கிறாள். டாக்டர் முதல் காரியமாகத் தலையில் விரலை ஓட்டிப் பார்த்தார். வலது பக்கத் தையல் மேல் அவருக்கும் சந்தேகம்தான். அடிக்கடி பார்த்துக்கொண்டே இருப்பார்களாம், மூடுகிற மாதிரி தெரிந்தால் மூளைக்கு இடைஞ்சல் வருவதற்குள் திறந்துவிடலாமாம். முன்னாடியே தெரிந்ததால் பயமில்லை என்று இரண்டு தடவை சொன்னார். பிள்ளை ஒரு கண்ணைப் பாதி மூடிக்கொண்டு எங்கள் எல்லோரையும் சந்தேகமாகப் பார்க்கிறது. இரண்டு காலிலும் அந்த இரண்டு விரலும் ஒட்டியிருக்கின்றன, அச்சு அசல் நம் அப்பா. வருகிற போகிற நர்ஸையெல்லாம் கூப்பிட்டு, எங்க மாமா கால் மாதிரியே இருக்கு பாருங்க என்று மாப்பிள்ளை காட்டிக்கொண்டிருக்கிறார்.

குழாய் வந்தால் தாராளமாகத் துப்பு. மேலே எழுதியதை அத்தானிடமும் படித்துக் காட்டு, சிரிக்கட்டும். சாக்ஸ் பின்ன வேண்டாம்.