தாவணித் துறைமுகம்

மயிலாப்பூர்,
வியாழன் இரவு.

இயேசுவில் பிரியமுள்ள ஸ்தனிஸ்லாஸ் மாமாவுக்கு,

உங்கள் மருமகள் ஜொவிட்டா முழங்காலில் நின்று எழுதுவது. மரியாதைக்காகச் சொல்லவில்லை. விளக்கைப் போட்டால் அம்மா எழுந்துவிடுவாள். மாதா படத்தின் அடியில் எரியும் நீல பல்பு முழங்காலில் நிற்பவர்களுக்கு மட்டும்தான் வெளிச்சம் தருகிறது. உங்கள் சர்க்கரையும் அத்தையின் இருமலும் குறைய வேண்டும் என்று அதே மாதாவிடம் கேட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் தொகுக்கும் பங்குத் திருவிழா மலரில் அம்மா பெயரில் வரப்போகும் 'உடுக்கும் சொற்கள்' கட்டுரையை அச்சுக்கு அனுப்பாதீர்கள். அதை எழுதியது நான்.

நீங்கள் கட்டுரை கேட்டபோது தமிழ் டீச்சரான அம்மாவிடம் நூற்றிருபது விடைத்தாள்கள் இருந்தன. நீ எழுதி வை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள், பார்க்காமலே கையெழுத்துப் போட்டு உங்களுக்கு அனுப்பிவிட்டாள். பொத்தான் போர்த்துகீசியரோடு கப்பலில் வந்த சொல், காக்கி என்றால் புழுதி நிறம், ஸ்டைல் என்பது லத்தீனில் எழுத்தாணி, இதெல்லாம் அகராதி பார்த்து எழுதியவை, சத்தியம். ஜீன்ஸ் என்ற பெயர் ஜெனோவா துறைமுகத்திலிருந்து வந்தது என்று படித்ததும்தான் என் புத்தி கலைந்தது. ஓர் ஊரையே காலில் மாட்டிக்கொண்டு நடக்கிறார்களே என்று யோசித்தபடி லஸ்ஸில் இறங்க வேண்டியவள் அடையாறு வரை பஸ்ஸில் போய்விட்டேன். வீட்டுக்கு வந்து தாவணியைத் தேடினால் என் அகராதியில் பொருள் இருந்தது, எங்கிருந்து வந்தது என்று இல்லை. அதனால் சாந்தோமுக்குக் கிழக்கே, கடலில், தாவணி என்று ஒரு துறைமுகம் வைத்தேன். அங்கே வீடுகளுக்குச் சுவர் கிடையாது, துணிதான். காற்று அடிக்கும் பக்கமாகத் தெருக்கள் திரும்பிக்கொள்ளும். ஒருநாள் ஊர் மூழ்கியது, துணிகள் மட்டும் கரையேறின. எழுதும்போது அது பொய் போலவே இல்லை மாமா.

நீங்கள் அதைப் படித்துக் கண் கலங்கி அம்மாவுக்கு போன் செய்தீர்கள். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று அண்ணனான உங்களிடம் சொல்ல அம்மா வெட்கப்பட்டு, "ஆமாண்ணா, பத்து வருஷ ஆராய்ச்சி" என்றாள். உடனே நீங்கள் ஞாயிறு பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் தாவணித் துறைமுகம் பற்றி அவள் சொற்பொழிவு என்று அறிவித்துவிட்டீர்கள். ரிட்டயரான சரித்திர வாத்தியார் ஆண்ட்ரூ சார் ஆதாரம் கேட்டு வீட்டுக்கே வந்தார். நீங்கள் போனில் சொன்னதை வைத்து, ஆதாரம் கடலுக்குள் இருக்கிறது என்று அம்மா சமாளித்தாள். அவர் அதோடு விடாமல் நேற்று ஊரூர் மீனவர் குப்பத்துக்குக் கிளம்ப, துணைக்கு அம்மா என்னையே அனுப்பினாள். மீன் விற்கும் தேவானை அக்காவிடம் கேட்டார்.

"தாவணியா? நல்லாத் தெரியும் சார். நேர் கெழக்கால கீது. எங்க வூட்டுக்காரு வலை வருசா வருசம் அங்கதான் மாட்டிக்கினு கிழியுது. நீ வஞ்சிரம் வாங்குறியா இல்லியா?"

சார் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு நோட்டில் குறித்துக்கொண்டார். இல்லாத ஊருக்குச் சாட்சி கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் ஹெட்மிஸ்ட்ரஸும் வருகிறாராம். யாராவது ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், இருபது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் எல்லார் முன்னாலும் தலைகுனிந்து நிற்பாள். என்னால்.

போனில் சொன்னால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள். அதனால் காலையில் அபிராமபுரம் வழியாகப் போய் இதை உங்கள் கேட்டில் செருகிவிடுவேன். அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு ஏதாவது ஒரு ஜெபம் போடுங்கள்.

அத்தைக்கு என் தோத்திரம். படுக்கும் முன் எனக்காக ஒரு அருள்நிறை மரியே சொல்லவும்.

உங்கள் மன்னிப்புக்கு ஏங்கும்,
ஜொவிட்டா,
ஒன்பதாம் வகுப்பு.

பின்குறிப்பு: அம்மா எழுந்துவிட்டாள். பின்னால் நின்று இதை முழுக்கப் படித்துவிட்டாள். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் என் பக்கத்தில் முழங்காலிட்டு, கட்டுரையின் நகலை என்னிடம் கேட்டு வாங்கி, முதல் தடவையாகப் படித்தாள். இன்னொரு தடவையும் படித்தாள். அப்புறம், "அந்த ஊர்ல கோயில் எந்தப் பக்கம்டி? ஞாயித்துக்கெழம கேப்பாங்க" என்றாள். ஆகவே மேலே உள்ளதை மறந்துவிட்டு அரைப் பக்கம் கூடுதலாக ஒதுக்கவும். வரைபடம் இணைத்திருக்கிறோம். கோயில் வடக்கே.