தொடக்கூடாத கண்ணாடி

"முரோயா சான், இது நகர மண்டபமா, மீன் வைக்கிற ஐஸ் கிடங்கா?"

வரவேற்பு மேஜைக்குப் பின்னால் ஒகிட்சு கோட்டு, மஃப்ளர், கையுறை சகிதம் உட்கார்ந்திருந்தாள். மூக்கு நுனி சிவந்திருந்தது.

"முதல்ல கோட்டைக் கழட்டும்மா. மத்தியானம் பேராசிரியர் குழு வருது. உன்னை இந்தக் கோலத்துல பாத்தா கட்டிடம் குளிருதுன்னு நெனச்சுக்குவாங்க."

"குளிரத்தானே செய்யுது!"

முரோயாவுக்கு வாதாட நேரமில்லை. மண்டபத்தைப் பழையபடி மீட்டெடுக்கும் வேலைக்கு நகராட்சியின் சார்பில் அவர்தான் பொறுப்பு. பேராசிரியர் தெராகாடோ இன்று 'பாதுகாக்க வேண்டிய கட்டிடம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். சொல்லாவிட்டால் இடித்துத் தள்ளிக் கார் நிறுத்துமிடம் கட்டுவதாக நகர சபை முடிவு செய்திருந்தது. வேலை போனால்கூட முரோயா தாங்கிக்கொள்வார், இந்தக் கூரை போவதை அவரால் தாங்க முடியாது. வேலையில் சேர்ந்த முதல் நாளே அண்ணாந்து பார்த்தபடி நடந்து, மேயர் மேல் மோதிக்கொண்டவர் அவர்.

அப்படிப்பட்ட கட்டிடம் அது. இத்தனை பெரிய கூடத்துக்கு நடுவில் ஒரு தூண் கிடையாது. வெறும் சிமென்ட் சுவர்தான், ஆனால் வார்த்தபோது முட்டுக் கொடுத்த பலகைகளின் ரேகை அதில் அப்படியே பதிந்து கிடக்கும். எல்லாவற்றுக்கும் சிகரம், குளத்தைப் பார்த்த பக்கம். சுவருக்குப் பதில் ஒரே ஒரு கண்ணாடி. சட்டம் கிடையாது, தரையிலும் கூரையிலும் வெட்டிய பள்ளத்துக்குள் விளிம்பு மறைந்துவிடும். அந்தக் காலத்துப் புயலில் அது உடைந்துபோய், பிறகு அலுமினிய ஜன்னல்கள் வைத்து அசிங்கம் பண்ணியிருந்தார்கள். இப்போது அவற்றைப் பிடுங்கியாகிவிட்டது, பழையபடி ஒரே கண்ணாடியாக மாட்ட நேற்றுதான் நாள் குறித்திருந்தார்கள்.

நேற்று மாலை வேலையாட்கள் மறைத்திருந்த நீலப் படுதாவை அவிழ்த்து எடுத்துக்கொண்டு போனபோது, முரோயா அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடி இருப்பதே தெரியவில்லை! குளமும் சிவந்த மேப்பிள் மரமும் கூடத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தன. மனிதக் கை இப்படியும் ஒன்றைச் செய்யுமா என்று வியந்தார். ஒரு விரல் ரேகைகூடப் படக்கூடாது என்று உடனே குறுக்கே கயிறு கட்டினார்.

காலையில் துப்புரவுக்கார அம்மா கமேஸாவா வாளியோடு வந்தாள்.

"கண்ணாடியைத் துடைச்சுடட்டுமா?"

"கயித்தைத் தாண்டினா நான் ராஜினாமா பண்ணிடுவேன்!"

"தாண்டப்போறது நான், நீங்க எதுக்குப் பண்றீங்க?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

முரோயா குளிரை ஒரு வழி பண்ண இறங்கினார். முதலில் கூடத்தைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாயை முழு வேகத்தில் திறந்தார். அறுபது வருஷத்துப் பழைய குழாய், முக்கி முனகியது. மேஜையிலிருந்த விளக்கத் தாள்கள் பறந்தன.

"காத்து வேற அடிக்குது!"

"அது ஹீட்டர் காத்தும்மா."

"ஹீட்டர் காத்து ஜில்லுனு அடிக்குமா?"

அப்படியானால் வாசல் கதவுதான் என்று முடிவு கட்டி, காவலாளி ட்சுபோச்சியை அங்கே நிறுத்தினார். தானியங்கிக் கதவு அவரைப் பார்த்ததும் திறந்தது. அவர் நின்றுகொண்டே இருந்ததால் திறந்தே கிடந்தது. குளிர் இரட்டிப்பானது.

"தள்ளி நில்லுங்களேன், ட்சுபோச்சி சான்!"

தள்ளிப் போனார். கதவு மூடியது. "மூடிடுச்சு!" என்று சொல்ல வந்தார். திறந்தது.

அதற்குள் ஒகிட்சு நாற்காலி மேல் ஏறி நின்று அலறினாள். ஒரு வாத்து, மனு கொடுக்க வந்தது போல, மேஜையை நோக்கி நிதானமாக நடந்து வந்துகொண்டிருந்தது.

"இந்தக் கதவு வழியாத்தான் வந்திருக்கு. அதுக்கு மனுஷன் என்ன, வாத்து என்ன!" முரோயா ஓடிப்போய்க் கதவின் மின்சாரத்தையே நிறுத்தினார்.

நிறுத்திய கையோடு குழு வந்துவிட்டது. கதவுக்கு வெளியே பேராசிரியர் தெராகாடோ குனிந்து வணங்கினார். உள்ளே முரோயா வணங்கினார். கதவு அசையவில்லை. கடைசியில் இரண்டு பேர் நகத்தைக் கொடுத்து நெம்பித் திறந்தார்கள். ஒகிட்சு ஒரு வழியாகக் கோட்டைக் கழற்றினாள், மேஜைக்கு அடியிலிருந்த வாத்தின் மேல் போர்த்துவதற்காக.

பழைய விளக்கை மாற்றிப் புது விளக்கு போட்ட குற்றத்துக்காக ஒரு நூலகத்தையே நிராகரித்தவர் தெராகாடோ. சுவரைத் தடவிக்கொண்டே போனார். கயிற்றருகே வந்ததும் நின்றார். மெல்லத் தொப்பியைக் கழற்றினார்.

"பிரதிபலிப்பே இல்ல," என்றார். குரல் நடுங்கியது. "பழைய போட்டோல கூட கண்ணாடியில விளக்கோட பிம்பம் தெரியும். இங்க எதுவுமே இல்ல. குளத்து வாசனை கூட வர்ற மாதிரி இருக்கு!"

உதவியாளர் ஒருத்தி தன்னை மறந்து கையை நீட்டினாள்.

"தொடாதேம்மா!" என்றார் தெராகாடோ.

ஒரு மேப்பிள் இலை சுழன்று இறங்கியது. அது உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. முரோயாவுக்குக் கண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. அந்த நேரம் பார்த்து மேஜைக்கு அடியில் வாத்து 'குவாக்' என்றது.

"அந்தக் குழாய்ச் சத்தமும் அசலா?" என்று கேட்டார் தெராகாடோ.

"அசலேதான், சென்செய்!" என்றார் முரோயா.

தெராகாடோ தன் முத்திரையை எடுத்துப் பாதுகாப்புச் சான்றிதழில் அங்கேயே அழுத்தினார். "இந்த நிமிஷம் எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும். இனிமே இங்க ஒரு ஆணி கூடக் கூடவோ குறையவோ கூடாது. அப்படிச் செஞ்சா பாதுகாப்பு ரத்து."

கைதட்டல் கூரையில் மோதித் திரும்பியது. கட்டிடம் பிழைத்தது! ஒகிட்சுகூட, நடுங்கியபடியே, கைதட்டினாள்.

அந்த ஓசை அடங்குவதற்குள், பாதி திறந்திருந்த கதவில் தலைக்கவசம் போட்ட லாரிக்காரர் ஒருவர் உடம்பைக் குறுக்கி நுழைந்து, எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டார்.

"மன்னிக்கணும், நேத்தே வந்திருக்கணும், வழியில மாட்டிக்கிட்டோம். பெரிய கண்ணாடி வந்திருக்குங்க. எந்தப் பக்கம் மாட்டணும்?"