மாப்பிள்ளை முதலில் கேட்க வேண்டிய சத்தம்

போடிநாயக்கனூர்
நவம்பர் மாதம், மழை விட்ட சனிக்கிழமை

கர்த்தருக்குள் பிரியமான மாப்பிள்ளை செல்வின் அவர்களுக்கு,

மாமா ஞானசிகாமணி தோத்திரத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை சொர்ணலதாவும் சுகம். கத்தார் தோகாவில் நீங்களும் எங்கள் மகள் ஏஞ்சலும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம். வழக்கமாக இந்த இடத்தில் "காரு எப்படி இருக்கு மாமா?" என்று கேட்பீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கடிதம் முழுவதும். தயவுசெய்து உட்கார்ந்து படியுங்கள்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். பலமுறை முயன்றேன். நான் கூப்பிட்டால் நீங்கள் எப்போதும் சிரித்துக்கொண்டேதான் எடுக்கிறீர்கள். மாமனார் கூப்பிட்டால் இப்படி வாய்கொள்ளாச் சிரிப்போடு எடுக்கிற மாப்பிள்ளை போடி பஜாரில் வேறு யாருக்கு உண்டு என்று நானும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்டதும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு மழையைப் பற்றிப் பேசி வைத்துவிடுகிறேன். கடிதம் என்றால் நீங்கள் நடுவில் "பரவாயில்ல மாமா" என்று சொல்ல முடியாது. ஏஞ்சலின் சிநேகிதி ஷீபா வியாழக்கிழமை தோகாவுக்கு வருகிறாள். ஏலக்காய், முறுக்கு, இந்தக் கடிதம் மூன்றும் அவள் கையில் வரும்.

போன லீவில் நீங்கள் வந்தபோது வெளிநாட்டிலிருந்து ஒரு நீள அட்டைப்பெட்டி வந்ததே, ஞாபகம் இருக்கும். உங்கள் இரண்டு கதவுச் சிவப்புக் காருக்குப் புதுப் புகைக்குழாய், புதுச் சைலன்சர் எல்லாம் அடங்கிய பெட்டி. மாட்டுவதற்குள் லீவு முடிந்துவிட்டது. கிளம்புகிற அன்று பெட்டியைத் தடவிக்கொண்டே, "கிறிஸ்மஸுக்கு வந்து நானே மாட்டுறேன் மாமா. மொத ஸ்டார்ட்டு நாந்தான் பண்ணுவேன். அந்தச் சத்தத்த மொதல்ல நாந்தான் கேக்கணும்" என்றீர்கள். எத்தனை வருஷம் ஆசைப்பட்டு வாங்கிய பழைய காரு, அதில் எத்தனை ஆசையாகச் சேர்த்து வைத்த குழாய்! நானும் நெஞ்சில் கைவைத்து, பெட்டியை யாரும் தொடமாட்டார்கள் என்றேன். அப்போது நான் சொன்னது உண்மை.

மாப்பிள்ளை, எனக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு சாமான் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. புகையை இருமித் தள்ளுவதற்கு இருக்கிற ஒரு குழாயை மாற்றினால் கார் எப்படி வேகமாகப் போகும்? இதை மட்டும் கேட்டுவிட்டு வரலாம் என்று தேனி ரோட்டிலிருக்கிற சுருளியாண்டி பட்டறைக்குப் போனேன். அவன் ஒரு லாரிக்கு அடியில் படுத்தபடியே சொன்னான். "இது டர்போ வண்டி அண்ணாச்சி. உள்ள எடுக்குற மூச்சு சாஸ்தி. வெளிய விடுற பாத சின்னதா இருந்தா முக்கும். பாதைய அகலமாக்குனா மூச்சு லேசாப் போகும், வண்டி பறக்கும். சத்தமும் மாறிப்போகும்." சத்தம் எப்படி மாறும் என்று கேட்டேன். "அது மாட்டுனாத்தான் தெரியும்" என்றான். அந்த ஒரு வார்த்தையை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நீங்கள் சொன்னபடி வாரம் ஒருநாள் காரை மலையடிவாரத்து முந்தல் வரைக்கும் ஓட்டிவிட்டு வருவேன். அப்படிப் போன ஒருநாள், செக்போஸ்ட் பக்கத்து வேகத்தடையில் ஏறி இறங்கியபோது பழைய சைலன்சர் துருப்பிடித்துக் கழன்று ரோட்டில் விழுந்தது. இதில் என் தப்பு எதுவும் இல்லை. அதை டிக்கியில் போட்டுக்கொண்டு, ஊரே காதைப் பொத்துகிற சத்தத்தோடு சுருளியாண்டியிடம் போனேன். "இந்தப் பழைய மாடலுக்குச் சாமான் கோயமுத்தூர்ல சொல்லி வைக்கணும். எப்ப வரும்னு சொல்ல முடியாது" என்றான். ஒட்டுப்போட்டு வெல்டு வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நான் அதைக் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் மனசு அந்தப் பெட்டி மேலேயே இருந்தது. எலி ஏதாவது புகுந்துவிட்டதா என்று பார்க்கத்தான் நான் மூடியைத் திறந்தேன். எலி இல்லை. பளபளவென்று எவர்சில்வர் குழாய்கள் இருந்தன.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பழைய குழாயின் போல்ட்டுகள் ஒன்றுகூட அசையவில்லை. எண்ணெய் விட்டோம், நெருப்பில் காட்டினோம், கடைசியில் அறுத்தோம். புதுக்குழாய் தொங்குவதற்கான ரப்பர் வளையம் சரியாக உட்காராமல் அது ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம் என்று நின்றது. சாயங்காலம் எல்லாம் முடிந்து, "நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க அண்ணாச்சி" என்று சாவியைக் கொடுத்தான். அப்போது உங்கள் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. சாவியைத் திருப்பிய பிறகுதான் வந்தது.

என்ன சத்தம் மாப்பிள்ளை! இரைச்சலே இல்லை. வயிற்றுக்குள்ளிருந்து எழும்பி வருகிற ஒரு ஆழ்ந்த குரல். சுருளியாண்டி வாயில் ஒரு போல்ட்டைக் கடித்தபடி அப்படியே நின்றான். வீட்டுக்கு வந்தால் உங்கள் அத்தை போனைக் கையில் நீட்டிப் பிடித்தபடி வாசலில் நின்றாள். நேரம் பார்க்கிறாள் என்று நினைத்து, அவளுக்காக இரண்டு தடவை ரேஸ் கொடுத்துக் காட்டினேன்.

நான் நம் சபைக் கொயரில் வாலிபத்திலிருந்து அடிக்குரல் பாடுகிறவன் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் குரலின் கஷ்டமும் தெரியும். போன கிறிஸ்மஸுக்கு எங்கள் பாட்டைப் போனில் கேட்ட ஏஞ்சல், "அப்பா, நீங்க பாடவே இல்லியா?" என்று கேட்டாளே, எனக்கு எப்படி இருந்திருக்கும்! போன் அடிக்குரலைச் சாப்பிட்டுவிடும். போகட்டும். இந்த இரண்டு வருஷமாக எனக்குக் கீழ்ச் சுரம் எட்டுவதில்லை. காற்றுதான் வருகிறது. நான் தொலைத்த அந்தச் சுரத்தில்தான் கார் நின்றபடி உறுமுகிறது என்று எனக்கு ஒரு சந்தேகம். அதைச் சோதிக்காமல் எப்படித் தூங்குவது? சோதிக்க ஆர்மோனியம் வேண்டும். காருக்குள் ஆர்மோனியம் வாசிக்கிறதை ஊர் பார்த்தால் என்ன ஆகும்? அதனால் விடிவதற்கு முன்பாகவே எழுந்து, ஆர்மோனியப் பெட்டியை முன் சீட்டில் வைத்து, பெல்ட் மாட்டி, காரை மெதுவாக ரேஷன் கடைத் தெருமுக்குக்குக் கொண்டுபோய் நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, கட்டையை அமுக்கினேன். அதே சுரம்! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது மாப்பிள்ளை. நானும் கூடச் சேர்ந்து இழுத்தேன். காரோடு சேர்ந்தால் எனக்கும் வந்தது.

அந்த நேரத்தில் கதவு திறந்தது. மூக்கம்மாள் தலையை உள்ளே விட்டாள். அவள் மலைமேல் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பழம் எடுக்கப் போகிற பெண்களுக்கெல்லாம் தலைவி. கையில் தூக்குவாளி, இடுப்பில் பிளாஸ்டிக் சாக்கு. அவள் பின்னால் மற்றப் பெண்கள்.

"ஏலே ராசபாண்டி, இதென்ன பொட்டி? நாங்க எங்கன ஒக்கார்றது?"

விஷயம் என்னவென்றால், அவர்களை ஏற்றிப்போகிற ராஜபாண்டியின் ஜீப்புக்குச் சைலன்சர் ஓட்டை. விடியற்காலையில் ஹாரன் அடித்தால் தெருவில் திட்டுவார்கள் என்று அவன் ஹாரன் அடிப்பதே கிடையாது. அந்த ஓட்டைச் சைலன்சர்தான் அவனுக்கு மணி. சத்தம் கேட்டால் பெண்கள் அவரவர் வீட்டிலிருந்து கிளம்பி முக்குக்கு வந்துவிடுவார்கள். இருட்டில் என் சத்தத்தை அவன் சத்தம் என்று நினைத்து வந்துவிட்டார்கள். நான் "ராஜபாண்டி இல்லம்மா, ஞானசிகாமணி" என்று சொல்வதற்குள் முன் சீட்டை மடக்கிப் பின்னால் ஒருத்தி மேல் ஒருத்தியாக ஏறிவிட்டார்கள். ஆர்மோனியம் மூக்கம்மாள் மடிக்குப் போய்விட்டது.

இதற்குள் ராஜபாண்டி வேறு தெரு வழியாக வந்து, இருட்டில் காருக்குள் இருந்தவர்களைக் காணாமல், எல்லாரும் வேறு ஜீப்பில் போய்விட்டதாக நினைத்து, நாங்கள் கூப்பிடுவதற்குள் காலி வண்டியோடு மேலே போய்விட்டான். இனி அவர்களைக் கொண்டுபோய் விடாவிட்டால் அவர்களுக்கு ஒருநாள் கூலி போகும். உங்கள் பந்தயக் காரை ஏலத்தோட்டப் பெண்களோடு போடிமெட்டுக்கு ஏற்றினேன். ஒவ்வொரு வளைவிலும் சத்தம் பாறையில் முட்டித் திரும்பி வந்தது. "அண்ணாச்சி, இன்னொருக்கா அமுக்குங்க!" என்றாள் ஒருத்தி. என்னை ஏன் கேட்கிறீர்கள், அமுக்கினேன். மூக்கம்மாள் ஆர்மோனியத்தின் ஒரே கட்டையைப் பிடித்துக்கொண்டு மெட்டு வரைக்கும் விடவே இல்லை.

மேலே டீக்கடையில் ராஜபாண்டி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

"எந்தப் பய வண்டில வந்தீக? எதுக்கு என்னய விட்டுட்டுப் போனீக?"

"இந்தா, இந்த அண்ணாச்சி வண்டிலதான். ஒஞ் சத்தம் மாதிரியே இருந்துச்சுப்பா. நெசமாச் சொன்னா, ஒன்னுத விட நல்லாருக்கு" என்றாள் மூக்கம்மாள்.

அவன் என்னிடம் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "அண்ணாச்சி, எஞ் சத்தத்த நீங்க எடுத்துக்கிட்டா நான் எதக் கொண்டு பொழைக்க?" என்று மட்டும் கேட்டான்.

இறங்கி வருகிற வழியெல்லாம் அந்தக் கேள்விதான். நான் எடுத்துக்கொண்டது அவன் சத்தத்தை மட்டுமா? உங்கள் சத்தத்தையும்தானே. நீங்கள் வெயிலில் வேலை பார்த்து, ஆசைப்பட்டு வாங்கி, நானே முதலில் கேட்கணும் என்று சொல்லிவிட்டுப் போனதை நான் கேட்டேன், சுருளியாண்டி கேட்டான், மூக்கம்மாள் கேட்டாள், போடிமெட்டுப் பாறை கேட்டது. உங்களைத் தவிர எல்லாரும் கேட்டாயிற்று. எனக்கு வெட்கமாக இருந்தது மாப்பிள்ளை.

வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே பட்டறைக்குப் போனேன். அறுத்த பழைய குழாயையும் விழுந்த சைலன்சரையும் தகடு வைத்து வெல்டு போட்டு மாட்டச் சொன்னேன். இப்போது கார் சளி பிடித்த மாதிரி ஓடுகிறது. புதுக் குழாய்களைத் துடைத்து, அவை வந்த ஃபோம் துணியிலேயே சுற்றி, அதே பெட்டியில் வைத்து ஒட்டிவிட்டேன். உங்களுக்குத் தெரியாமலேயே போயிருக்கும். ஆனால் சூடு பட்ட எவர்சில்வர் கத்தரிப்பூ நிறமாக மாறிவிட்டது. புளி போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டேன், பற்பசை போட்டேன். "சட்டி அடிப்பிடிச்சாலே கண்டுபிடிக்கிறவ நான். இது போகாது, விடுங்க" என்று உங்கள் அத்தை சொல்லிவிட்டாள். பெட்டியைத் திறந்ததும் உங்களுக்குத் தெரிந்துவிடும். அது தெரிவதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இத்தனை பக்கம்.

கிறிஸ்மஸுக்கு வாருங்கள். நீங்களே மாட்டுங்கள். நீங்கள் ஸ்டார்ட் செய்யும்போது நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பின்கட்டில் இருப்பேன். முதலில் கேட்டவன் நான் என்ற நினைப்பை இந்தக் கடிதத்தோடு விட்டுவிட்டேன். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காத்து, வேலையிடத்தில் தயவு கிடைக்கச் செய்து, உங்கள் இருவரையும் சமாதானத்தோடு வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பாராக. ஏஞ்சலுக்கு எங்கள் முத்தங்கள்.

இப்படிக்கு,
வெட்கத்தோடும் பிரியத்தோடும்,
மாமா ஞானசிகாமணி

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன் எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி உங்கள் அத்தையிடம் கொடுத்தேன். முதல் பக்கத்திலேயே சிரிக்க ஆரம்பித்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கேட்டால், அன்றைக்கு வாசலில் போனை நீட்டிக்கொண்டு நின்றவள் நேரம் பார்க்கவில்லையாம், சத்தத்தோடு வீடியோ எடுத்தாளாம். அன்றைக்கே ஏஞ்சலுக்கு அனுப்பிவிட்டாளாம். அதைப் பார்த்து நீங்கள் துள்ளிக் குதித்தீர்களாம். "மாமாவுக்குத் தெரியக் கூடாது, சங்கடப்படுவாக" என்று எல்லாருடைய வாயையும் கட்டிவிட்டீர்களாம். அதோடு நிற்கவில்லை. நான் கூப்பிட்டால் உங்கள் போன் அந்தச் சத்தத்தில்தான் உறுமுகிறதாமே! அப்படியானால் இத்தனை நாள் நீங்கள் சிரித்துக்கொண்டே எடுத்தது மாமனார் மேல் உள்ள மரியாதையால் இல்லை. நான் கழற்றியது, ஒட்டுப்போட்டது, புளி தேய்த்தது எல்லாம் வீண். முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு நீங்கள் எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்ததை நினைத்துக் கோபம் போய்விட்டது. கடைசியாக இன்னொன்றும் ஞாபகம் வந்து சந்தோஷமாகிவிட்டது. போன் அடிக்குரலைச் சாப்பிட்டுவிடும் மாப்பிள்ளை. நீங்கள் அந்தச் சத்தத்தை இன்னும் கேட்கவே இல்லை. அது இங்கே பெட்டிக்குள்தான் இருக்கிறது. சீக்கிரம் வாருங்கள்.