ஒற்றைக்காதன் மீட்புத் தீர்மானம்

மனித குலம் இதுவரை கூட்டிய அவசரக் கூட்டங்களிலேயே மிக அவசரமானது, ஒரு பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் ஞாயிறு காலை பத்தரை மணிக்குத் தொடங்கியது. பத்து மணிக்கே தொடங்கியிருக்கும். சாவி கிடைக்கவில்லை.

கூட்டியது ‘உப்புக் கோட்டை’ வாசகர் பேரவை. அறுநூறு பக்க மாயக்கதையான அந்த அயல்மொழி நாவலில் ஒரு காற்புள்ளி நகர்ந்தாலும் உயிரை விடத் தயாரானவர்கள். இப்போது அது படமாகிறது. டிரெய்லர் வந்துவிட்டது. அதில் டிராகன் இருந்தது, அரசி இருந்தாள், கோட்டையும் இருந்தது. ஒற்றைக்காதன் மட்டும் இல்லை.

ஒற்றைக்காதன் ஒரு கழுதை. உலகத்தையே காப்பாற்றிவிட்டு அதைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடாத கழுதை. படித்தவர்கள் எல்லாம் அழுதார்கள். பேரவைச் செயலாளரான வங்கி ஊழியர் அதைத் தோளில் பச்சையே குத்திக்கொண்டிருந்தார்.

முன்வரிசையில், பொய்ப்பல் அச்சுகள் இளிக்கும் கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில், நாவலின் மொழிபெயர்ப்பாளர் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். இருபது வருடங்களுக்கு முன் அவருக்குக் கிடைத்த பழைய பிரதியில் பதினாறு பக்கங்கள் கிழிந்திருந்தன. அச்சகம் அவசரப்படுத்தியது. பதினாறு பக்கத்துக்கு ஒரு கழுதையை அவரே எழுதிச் சேர்த்தார். இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. மூலத்தின் மீது பேரவைக்கு இருந்த மரியாதையில் அதை ஒருவரும் தொட்டதே இல்லை.

“இன்னைக்காவது சொல்லிடுங்க,” என்று மனைவி கிசுகிசுத்தாள். “படம் வந்தா எப்படியும் தெரிஞ்சிடும். அவங்களா கண்டுபிடிச்சா மானம் போயிடும்.”

“சொல்றேன். கொஞ்சம் சூடு ஆறட்டும்.”

ஆறவில்லை. தலைவரான பல் மருத்துவர் முழங்கினார்: “மூலத்துல கை வைக்க இவங்க யாரு? எழுதினவர் மனசு என்ன பாடுபடும்!”

மனைவி முழங்கையால் இடித்தாள். அவர் எழுந்தார்.

“அந்தக் கழுதை… என்னுது.”

“நம்ம எல்லாருதும்தான் சார்!” செயலாளர் தோளில் இருந்த பச்சையைத் தட்டிக் காட்டினார். கைதட்டல்.

“இல்லைங்க. மூலத்துல கழுதையே கிடையாது. பக்கம் கிழிஞ்சிருந்தது. நானா எழுதிட்டேன்.”

உள்ளறையில், வாய் கொப்பளிக்கும் தொட்டியில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. செயலாளர் தன் தோளைக் கையால் பொத்திக்கொண்டார்.

“அப்போ மூலத்துல உலகத்தைக் காப்பாத்தினது யாரு?” என்றார் தலைவர் மெதுவாக.

“அரசிதான். ஒரு மந்திரம் சொல்லி. முழுப் புத்தகம் பின்னாடிதான் கைக்குக் கிடைச்சுது.”

“மந்திரமா?” தலைவர் முகம் சுளித்தார். சொத்தைப் பல்லைப் பார்க்கும்போதுகூட அவர் அப்படிச் சுளித்ததில்லை. “அறுநூறு பக்கத்துல ஒரு கழுதைக்கு இடமில்லாம போச்சா எழுதினவருக்கு?”

“அதானே!” செயலாளருக்கு உயிர் திரும்பியது. “நீங்க சேர்க்கலை சார். அவர் விட்டுட்டாரு!”

தீர்மானம் அங்கேயே எழுதப்பட்டது: ‘மூலநூலைச் சிதைத்த மூல ஆசிரியரை இப்பேரவை வன்மையாகக் கண்டிக்கிறது. அன்னார் அடுத்த பதிப்பிலேயே கழுதையை உரிய இடத்தில் சேர்த்து, நூலின் தூய்மையை மீட்டுத்தருமாறு கோருகிறது.’

ஆதரிப்போர் கை உயர்த்துமாறு தலைவர் கேட்டார். அறையே கை உயர்த்தியது. செயலாளர் எண்ணினார், ‘ஏகமனதாக’ என்று எழுதினார். கைகள் இறங்கின.

மனைவி கணவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எண்ணி முடிச்சாச்சு,” என்றாள். “நீங்களும் இறக்குங்க.”