நிமிடத்துக்கு நாற்பது மிதி

பாரமாக மிதித்தால்தான் சைக்கிள் வேகமாகப் போகும் என்று முப்பத்தாறு வயது வரை நம்பியிருந்தவன் நான்.

கொழும்பில் பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலம். கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் என் மனைவி வாசுகிக்குக் கணக்காளர் பரீட்சை. மூன்றாம் தடவை, கடைசி வாய்ப்பு. காலை எட்டேகாலுக்குப் போன் வந்தது.

"இஞ்சேருங்கோ, அனுமதி அட்டை பிரிஜ்ஜுக்கு மேல கிடக்குது! போட்டோ காட்டினாலும் ஏற்கமாட்டினமாம். ஒன்பதுக்குக் கதவைப் பூட்டிடுவினம்."

நாங்கள் இருந்த வெள்ளவத்தையில் ஒரு ஓட்டோகூட ஓடவில்லை. கீழ்வீட்டுக் கபிலனின் ரேஸ் சைக்கிளைக் கேட்டு வாங்கினேன். கைபிடியில் ஒரு சின்னத் திரை. நிமிடத்துக்கு எத்தனை மிதி, எத்தனை வாட் பவர், எல்லாம் காட்டும்.

"அண்ணை, கியரைக் குறைச்சு எண்பது, தொண்ணூறு தரம் சுத்துங்கோ. அழுத்துற பலமும் சுத்துற வேகமும் சேர்ந்ததுதான் பவர். பாரத்தில மிதிச்சா கால் செத்துப்போகும்."

(காலைச் சும்மா சுழற்றுவது எனக்குச் சர்க்கஸ் வேலையாகத் தெரிந்தது.) இருந்ததிலேயே பாரமான கியரைப் போட்டேன்.

கொள்ளுப்பிட்டி வரை நான் வீரன். திரையில் மிதி நாற்பது, வாட் இருநூறு! கோட்டையைத் தாண்டும்போது தொடை நடுங்கியது. வாட் நூற்றிருபது. கொட்டாஞ்சேனை ஏற்றத்தில் மிதி இருபத்தைந்து. கியரைக் குறைக்க நினைத்தபோது கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. சைக்கிளோடு சரிந்தேன். மணி எட்டு ஐம்பத்திரண்டு. எழும்பி நிற்கவே முடியவில்லை.

அப்போது, வெறும் மீன்பெட்டி கட்டிய பழைய சைக்கிளில், கால்கள் லேசாகச் சுழல, ஏறி வந்தார் ஒரு மீன்காரர்.

"என்ன தம்பி, வண்டிய மிதிச்சீங்களா, வண்டி உங்கள மிதிச்சிச்சா?"

அட்டையை நீட்டி விசயத்தைச் சொன்னேன். முன்பின் தெரியாத மனிதரிடம் மனைவியின் எதிர்காலத்தைக் கொடுத்தேன்.

"அந்தப் பள்ளிக்கூடமா? முகத்துவாரத்துக்கு அந்த வழியாத்தான் போறேன்" என்று அட்டையைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, அதே லேசான சுழற்சியில் ஏற்றத்தைக் கடந்து மறைந்தார். பெயரைக்கூடக் கேட்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. போன் எடுத்தேன். வாசுகியின் போன் அணைக்கப்பட்டிருந்தது. உள்ளே போனதாலா, அழுதுகொண்டு நிற்பதாலா?

காலை இழுத்து இழுத்து நான் வாசலை அடைந்தபோது ஒன்பதரை. காவலாளி மூக்கைத் தேய்த்தபடி சொன்னார்: "மீன் மணக்கிற அட்டையோட ஒரு மிஸ் கடைசி நிமிசத்தில உள்ள போனாங்க."

வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். (கால் வலி என்று காவலாளியிடம் சொன்னேன்.)

வாசுகி பாஸ். வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லி, இப்படி முடிப்பாள்:

"என்ர அட்டையோட ரெண்டு பேர் வெளிக்கிட்டவை. மீன்கார அண்ணை நேரத்துக்கு வந்திட்டார். இவர் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்."