தண்ணிக்குக் காய்ச்சல் வந்த நாள்

இந்தப் பூவுலகில் மாட்டைவிடத் தண்ணீரைப் பற்றி அதிகமாகக் கவலைப்பட்ட மாட்டுநோய் நிபுணர் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் தண்ணி முசியே. முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. புதுச்சேரியில் ஒருவருக்குத் தண்ணி என்று பட்டப்பெயர் இருந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். மனிதர் இஞ்சி சோடாவைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

ஊருக்குள் சாரம் பகுதியில் கால்நடைகளின் ரத்தத்தைச் சோதிக்கும் சின்ன லேப் ஒன்றில் அவர் தலைமை, நான் கடைநிலை. மாடு, ஆடு, நாய், எப்போதாவது ஒரு குதிரை என்று ரத்தம் குட்டிக் குப்பிகளில் வந்து சேரும். நுண்ணோக்கிக்கும் டிமிக்கி கொடுத்துவிட்டு ரத்தத்தில் ஒளிந்திருக்கும் ஒட்டுண்ணியை, அதன் மரபணுவைக் கோடிக்கணக்கில் நகலெடுத்துப் பிடிப்பதுதான் பி.சி.ஆர். சோதனை. கொரோனா புண்ணியத்தில் இதை இப்போது யாருக்கும் அதிகம் விளக்க வேண்டியதில்லை. மாட்டின் மூக்கில் குச்சி விடுவதில்லை என்று மட்டும் சொன்னால் போதும்.

ஒவ்வொரு முறையும் ரத்தங்களோடு ஒரு குழாயில் வெறும் தண்ணீரையும் வைத்துச் சோதிப்பார் முசியே. தண்ணீரில் ஒன்றும் தெரியக் கூடாது. தெரிந்தால் எங்கோ கலப்படம் ஆகிவிட்டது, மற்ற முடிவுகளையும் நம்ப முடியாது என்று அர்த்தம். முடிவு வந்ததும் நாங்களெல்லாம் மாட்டின் வரிசையைப் பார்ப்போம். அவர் தண்ணீரின் வரிசையைப் பார்த்து, "நல்லா இருக்கியாப்பா?" என்பார்.

அவருடைய இன்னொரு வைராக்கியம் ஒருவழிப்பாதை. லேபில் மூன்று அறைகள். முதல் அறையில் மருந்துக் கலவை, இரண்டாவதில் ரத்தம், மூன்றாவதில் நகலெடுத்துக் குழாயைத் திறந்து பார்ப்பது. மூன்றாம் அறைக்குப் போனவர் அன்றைக்கு முதல் அறைக்குத் திரும்பக் கூடாது. நகல்கள் நம் மேல் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மறுநாள் குளித்துவிட்டு வரலாம்.

இந்தச் சட்டம் லேபோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வைத்திக்குப்பத்தில் ஒரு கல்யாணம். பசியில் நேராகப் பந்திக்குப் போய்விட்டார். சாப்பிட்டு முடித்தபின் மேடைக்கு வர மறுத்துவிட்டார்.

"முசியே, பொண்ணு மாப்பிள்ளை காத்துட்டிருக்காங்க, வாங்க!"

"கடைசி ரூமுக்குப் போயிட்டேன்பா. நீ இன்னும் சாப்பிடல, சுத்தமா இருக்க. நீயே குடுத்துடு."

பரிசுப் பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். கல்யாண ஆல்பத்தில் அவருடைய பரிசோடு நான்தான் பல்லிளித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஒரு சனிக்கிழமை காலை, முதலியார்பேட்டையிலிருந்து மேரி அக்கா ரத்தக் குப்பியோடு வந்தார். அவருடைய கலப்பினப் பசு ரோசிக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். உண்ணி பரப்பும் ஒட்டுண்ணி என்று டாக்டருக்குச் சந்தேகம். எந்த ஒட்டுண்ணி என்று தெரிந்தால்தான் எந்த ஊசி என்று சொல்ல முடியும்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு யாவாரி வண்டி எடுத்துட்டு வரான் தம்பி. எங்க வூட்டுக்காரரு வார்த்தை குடுத்துட்டாரு. இன்னா நோவுன்னு தெரிஞ்சா மருந்து போட்டு வச்சிக்கலாம். தெரியலைன்னா ஏத்திடுவாங்க. ஏத்துனா நேரா கறிக்குத்தான்."

மதியம் முடிவு வந்தது. நீல வெளிச்சத்தில் ரோசியின் கோடு பளிச்சென்று ஒளிர்ந்தது. தைலேரியா! நான் வெளியே வரவேற்பறைக்கு ஓடி, "அக்கா, கண்டுபுடிச்சாச்சு!" என்று கத்தினேன். அக்கா சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். பின்னாலேயே முசியே வந்தார், முகத்தில் ஈயாடவில்லை.

"கண்டுபுடிக்கல. ரோசிக்கும் இருக்கு, கூட வச்ச அத்தனை மாட்டுக்கும் இருக்கு, தண்ணிக்கும் இருக்கு."

"தண்ணிய வுடுங்க சார். ரோசிக்கு இருக்கில்ல? ஊசி போடச் சொல்லுங்க."

"தண்ணிக்கே தைலேரியான்னு சொல்ற சோதனை ரோசியப் பத்திச் சொல்றத எப்படிம்மா நம்புறது? ஊசி மாறிப்போனா மாடு தாங்காது."

பிறகு எங்களைப் பார்த்துப் பொதுவாகக் கேட்டார்: "மூணாவது ரூம்லேர்ந்து மொத ரூமுக்கு எது வந்துச்சு?"

காலையில் மூன்றாம் அறையில் என் கைப்பேசியை சார்ஜில் போட்டிருந்தேன். பிறகு அதையே முதல் அறை மேசையில் சாய்த்துவைத்து, காமெடி பார்த்துக்கொண்டே குழாய்ப் பெட்டிகளை அடுக்கினேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் மேரி அக்கா சிலுவைக்குறி போட்ட கையை இன்னும் இறக்கவில்லை.

"என் போன், முசியே. அதோட நானும்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "எல்லாத்தையும் கொட்டிட்டு, ரூமைத் துடைச்சிட்டு, மொதல்லேர்ந்து செய்யணும். அஞ்சரை ஆயிடும். போனை இங்க வச்சிட்டு அக்காகூடப் போ. வண்டிய நிறுத்து."

"நானா? எப்படி?"

"முன்னாடி நில்லு."

என் எடை ஐம்பத்திரண்டு கிலோ. ஐந்து மணிக்கு வந்த வியாபாரியோடு இரண்டு ஆட்கள், இருவரும் ரோசிக்கு அண்ணன் மாதிரி இருந்தார்கள்.

"யாருய்யா நீ?"

"லேப்லேர்ந்து வரேன். மத்தியானம் பார்த்தோம், தண்ணிக்கும் காய்ச்சல் இருந்துச்சு. மறுபடி பார்த்துக்கிட்டிருக்காங்க."

வியாபாரி அக்காவின் கணவரிடம் திரும்பினார். "இன்னாபா, பகல்லயே போட்டுக்கினு வந்துருக்கான்?"

அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு ரோசியை உசுப்பி எழுப்பினார்கள். நான் வண்டியின் பின்பக்கம் ஏறிப் படுத்துக்கொண்டேன். மாட்டை ஏற்ற வேண்டுமானால் முதலில் என்னை இறக்க வேண்டும். ஒருவர் கையையும் ஒருவர் காலையும் பிடித்துத் தூக்கியபோது அக்காவின் கைப்பேசி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"தண்ணி சுத்தம்!" என்றார் முசியே. அவ்வளவுதான். அவரைப் பொறுத்தவரை செய்தி முடிந்துவிட்டது.

"முசியே, மாடு?" அந்தரத்தில் தொங்கியபடி கத்தினேன்.

"ஆங், மாடா? தைலேரியாதான். டாக்டர் கிளம்பிட்டாரு."

அக்காவின் கணவர் கயிற்றை வியாபாரியின் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். என்னைக் கீழே போட்டார்கள். மூன்றாம் நாள் ரோசி தீவனம் தின்றாள். பார்க்கப் போன என்னை முட்ட வந்தாள்.

லேபில் ரத்து செய்யப்பட்ட சோதனைகளுக்கென்று ஒரு பதிவேடு உண்டு. அதில் காரணம் என்ற இடத்தில், கைப்பேசி கொண்டுவந்தவர் என்று என் முழுப்பெயரை முசியே எழுதியிருந்தார். துளி சலுகை இல்லை. அடுத்த வரியில், "கேட்டதும் உண்மையைச் சொன்னார். மாடு பிழைத்தது" என்றிருந்தது.

முசியே போன வருடம் ஓய்வுபெற்றுவிட்டார். வேலை குறைவான நாட்களில் நான் அந்தப் பதிவேட்டைத் திறந்து, அவர் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடிவைக்கிறேன்.